கிட்டார் கம்பி மாற்றுவது: இரு முனைகளில் கவனம் வேண்டும்

புதிதாகக் கம்பி மாட்டிய கிட்டாரில் சுருதி நிற்கவில்லை என்று யாராவது கொண்டுவந்தால், முறுக்காணி பழுது என்றோ கம்பி தரமில்லை என்றோ நான் உடனே சொல்வதில்லை. தலைப்பகுதியில் முறுக்காணியின் தண்டைச் சுற்றியிருக்கும் சுற்றுகளை முதலில் பார்க்கிறேன். அடுத்து, ஒலித்துளைக்குள் கைவிட்டு, கம்பியின் மறுமுனையில் உள்ள குண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றிலேயே காரணம் தெரிந்துவிடும். கிட்டார் கற்றுக்கொடுப்பதும், மாணவர்களின் கருவிகளைச் சீராக்கிக் கொடுப்பதும் என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கம்பியின் இரண்டு முனைகளையும் பொறுமையாகக் கட்டத் தெரிந்தவருக்குக் கிட்டாரில் பாதித் தொல்லை குறைந்துவிடும். அதனால் இங்கே அந்த இரண்டு முனைகளுக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

எப்போது மாற்றுவது

மாதக் கணக்கு சொல்லச் சொல்லிப் பலரும் கேட்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தினமும் வாசிப்பவர், அதிகம் வியர்க்கும் கை உள்ளவர், வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பவர் ஆகியோருக்கு ஒரே கணக்கு பொருந்தாது. கம்பியிடமே கேட்டுக்கொள்வது நல்லது. சுட்டுவிரலைக் கம்பியின் அடிப்பக்கமாக, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டைப் பார்க்கும் பக்கமாக, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். புதுக் கம்பி வழுவழுப்பாக இருக்கும். பழைய கம்பியில் சொரசொரப்பும், ஃபிரெட்டுகளுக்கு நேர் மேலே சிறு சிறு பள்ளங்களும் நகத்தில் தட்டுப்படும். அந்தப் பள்ளங்கள் தெரிந்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். மணி போல ஒரு ஸ்வரம் வரும். பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுக் கம்பியில் ஒன்றாக இருந்து, நாளாக நாளாக விலகிக்கொண்டே போனால், தேய்ந்திருப்பது கம்பி. இதற்குக் காரணம் எளிது. ஒரு கம்பியின் சுருதியை அதன் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. இந்த விதியை மரின் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதிவிட்டார். ஓரிடத்தில் தேய்ந்தும் இன்னோரிடத்தில் அழுக்கு சேர்ந்தும் போன கம்பியின் எடை நெடுகச் சீராக இருப்பதில்லை. அப்படிப்பட்ட கம்பியை வெறுமனே மீட்டும்போது சுருதி சேர்ந்தாலும், ஃபிரெட்டில் அழுத்தும்போது சேராது. தங்கள் காதில்தான் கோளாறு என்று நினைத்துத் தவிக்கும் மாணவர்களுக்கு இந்தச் சோதனையைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறேன்.

எந்தக் கம்பி

ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். நைலான் தந்திக்காகச் செய்யப்பட்ட கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பியை ஒருபோதும் மாட்டாதீர்கள். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அகூஸ்டிக் கிட்டாருக்கான 12-53 அளவு எஃகுக் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் பிரிட்ஜ் (மேற்பலகையில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை) பெயர்ந்து வரலாம், மேற்பலகை புடைத்துக்கொள்ளலாம், கழுத்து வளையலாம். பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டுமானால், கிளாசிக்கல் கிட்டாரின் தலையில் நீண்ட இரண்டு திறப்புகள் இருக்கும், பிரிட்ஜில் தந்தியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள்.

12-53 என்பது முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம், ஆறாவது கம்பியின் தடிமன் 0.053 அங்குலம் என்பதைக் குறிக்கும். அகூஸ்டிக்கில் விரல் இன்னும் காய்ப்பேறாத மாணவர்களுக்கு நான் 11-52 வாங்கச் சொல்கிறேன். ஒலி சற்று மெலிந்தாலும், விரல் வலியால் வாசிப்பதை நிறுத்தாமல் இருப்பது முக்கியம். எலக்ட்ரிக் கிட்டாரில் 9-42, 10-46 ஆகிய இரண்டும் பரவலாகப் புழங்குபவை. அளவை மாற்றினால் கழுத்தின் மீதுள்ள இழுப்பும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய கம்பிக்கு மாறியதும் ஃபிரெட்டில் கம்பி உரசி அதிர்ந்தால், கழுத்துக்குள் உள்ள உலோகக் கோலான டிரஸ் ராடைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அகூஸ்டிக் கம்பிகளில் தடித்த நான்கின் மேலும் உலோகச் சுருள் சுற்றியிருக்கும். செம்பு 80 பங்கும் துத்தநாகம் 20 பங்கும் கலந்த சுருள் பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் சீக்கிரம் மங்கிவிடும். செம்பு, வெள்ளீயம், சிறிது பாஸ்பரஸ் கலந்த பாஸ்பர் வெண்கலக் கம்பியை 1974-இல் டடாரியோ நிறுவனம் கொண்டுவந்தது. அதன் ஒலி சற்றுக் கனிவானது, நெடுநாள் தாங்கும். வியர்வை அதிகமுள்ளவர்களுக்கு மேற்பூச்சு உள்ள கம்பிகள் ஏற்றவை. வெண்கலக் கம்பியை எலக்ட்ரிக் கிட்டாரில் மாட்டுவதில் பொருளில்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் அதன் பிக்அப் காந்தத்தால் வேலை செய்வது. வெண்கலம் காந்தத்துக்கு இசையாது. எலக்ட்ரிக்குக்கு நிக்கல் பூசிய எஃகுச் சுருள் உள்ள கம்பியே வேண்டும்.

கழற்றுவதும் துடைப்பதும்

முறுக்கேறி நிற்கும் கம்பியைக் குறடால் வெட்டாதீர்கள். அறுந்த முனை கண்ணை நோக்கிப் பாயும். ஒவ்வொன்றையும் தொளதொளவென்று ஆகும்வரை தளர்த்திய பிறகுதான் வெட்ட வேண்டும். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்து வளைந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. சுத்தம் செய்யத் தேவையான ஒரு மணி நேரம் கம்பியில்லாமல் இருப்பதால் நல்ல கிட்டாருக்கு எதுவும் ஆகாது. மிதக்கும் டிரெமலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) உள்ள எலக்ட்ரிக் கிட்டாரில் மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். அங்கே உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளும் கம்பிகளும் ஒன்றையொன்று இழுத்துச் சமநிலையில் நிற்பதால், ஆறையும் எடுத்துவிட்டால் மீண்டும் அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அகூஸ்டிக்கின் பிரிட்ஜ் துளைகளில் கம்பிகளை நிறுத்தும் சிறு முளைகளான பிரிட்ஜ் பின்கள் சில நேரம் பிடிவாதமாக இருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் பின் தலையோடு உடைந்து, மிச்சம் துளைக்குள் சிக்கிக்கொள்ளும். கம்பியைத் தளர்த்திவிட்டு, அதையே துளைக்குள் சற்று உள்ளே தள்ளுங்கள். குண்டின் பிடி விலகிப் பின் இளகும். அதற்கும் அசையாவிட்டால், ஒலித்துளை வழியாகக் கைவிட்டு, பின்னின் அடிமுனையைக் கீழிருந்து மேலாக ஒரு நாணயத்தால் தள்ளினால் வந்துவிடும். முறுக்காணியை விரைவாகச் சுழற்ற உதவும் வைண்டர் வாங்கினால் அதன் நுனியில் பின்னைக் கோதி எடுக்க ஒரு வெட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எடுத்த பின்களை எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அதே வரிசையில் வையுங்கள்.

கம்பியில்லாத கிட்டாரை உடனே மூடிவிடத் தோன்றும். ஆனால் வேறெப்போதும் கை எட்டாத இடங்களெல்லாம் இப்போதுதான் திறந்திருக்கின்றன. ஃபிரெட்டுகளின் ஓரத்தில் படிந்த கறுப்பை, சற்றே ஈரமான துணியை விரல்நகத்தில் சுற்றித் துடைத்தெடுக்கலாம். ரோஸ்வுட், எபனி போன்ற மேற்பூச்சில்லாத ஃபிரெட்போர்டு வெளிறி உலர்ந்து தெரிந்தால், அதற்கென்றே விற்கும் எண்ணெயில் சில துளிகளைத் துணியில் விட்டுத் தேய்த்து, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். வார்னிஷ் பூசிய மேப்பிள் ஃபிரெட்போர்டுக்கு எண்ணெயே வேண்டாம். மங்கிய ஃபிரெட்டுகளைத் தேய்க்க மிக நுண்ணிய எஃகுப் பஞ்சைப் பயன்படுத்துவோர் உண்டு. எலக்ட்ரிக் கிட்டார் அருகில் அதைக் கொண்டுவராதீர்கள், உதிரும் எஃகுத் துகள்கள் பிக்அப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. முறுக்காணித் தண்டுகளின் அடியிலுள்ள மரைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று கையால் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஆடினால் மெல்ல இறுக்குங்கள். கழுத்தும் தலையும் சேருமிடத்தில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டின் பள்ளங்களில் கூர்மையான பென்சில் முனையை இரண்டு முறை ஓட்டுங்கள். அந்தக் கரித்தூள் கம்பியை வழுக்கவிடும்.

முதல் முனை: பிரிட்ஜ்

அகூஸ்டிக் கிட்டாரில் அதிகம் தவறுவது இங்கேதான். குண்டைத் துளைக்குள் விட்டு, மேலே பின்னை அழுத்திவிட்டால் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். உள்ளே நடப்பதை நினைத்துப் பாருங்கள். குண்டு பின்னின் அடிமுனையில் தொற்றிக்கொண்டு நின்றால், கம்பி இறுக இறுகப் பின்னை மேலே தள்ளும். சுருதி ஏறிக்கொண்டிருக்கும்போதே பின் சட்டென்று எகிறிவிடும். எகிறாவிட்டாலும், குண்டு மெல்ல மெல்ல நழுவி, சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

குண்டு இருக்க வேண்டிய இடம் பின்னின் பக்கவாட்டில், மேற்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் கெட்டி மரத்துண்டின் மீது. அந்த மரத்தின் விளிம்பில் அது மாட்டிக்கொண்டால், எவ்வளவு இழுத்தாலும் நகராது. பின்னின் வேலை, குண்டு மீண்டும் துளை வழியாக வெளியே வராமல் ஓரமாக ஒதுக்கி நிறுத்துவது மட்டுமே. செய்முறை இதுதான். கம்பியின் முனையில், குண்டுக்குச் சற்று மேலே, லேசாக ஒரு வளைவு கொடுங்கள். வளைந்த குண்டு ஒலித்துளையின் பக்கம் பார்க்கட்டும். அதைத் துளைக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்குங்கள். பின்னில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருந்தால், அந்தப் பள்ளமும் ஒலித்துளையைப் பார்க்க வேண்டும், ஏனெனில் கம்பி அதன் வழியாகத்தான் மேலே வரும். பின்னைத் தளர்வாகச் செருகுங்கள். இப்போது ஒரு கையால் பின்னின் தலையை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பியை மேலே இழுங்கள். இழுக்கும்போது, குண்டு மரத்தில் போய் உட்காரும் ஒரு சிறு ‘டக்’ கையில் தெரியும். இன்னொருமுறை இழுத்துப் பாருங்கள். பின் மேலே எழும்பாமல் இருந்தால் சரி. எழும்பினால், மீண்டும் முதலிலிருந்து. பின்னைக் கட்டைவிரலால் பலங்கொண்டு அடித்து இறக்குவதால் ஒன்றும் நடக்காது. பிரிட்ஜ் பிளக்க வாய்ப்புண்டு.

இரண்டாம் முனை: தண்டு

கம்பியை நேராக இழுத்து, நட்டின் அதற்குரிய பள்ளத்தில் வைத்து, தண்டின் துளைக்குள் நுழைத்துவிடுங்கள். இனி எவ்வளவு தளர்வு விடுவது என்பதே கேள்வி. பெரும்பாலான முறுக்காணித் தண்டுகளின் விட்டம் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர் கம்பி போகும். சுருள் சுற்றிய தடித்த கம்பிக்கு இரண்டரைச் சுற்றுப் போதும், ஆகவே 5 சென்டிமீட்டர் தளர்வு. சுருளில்லாத மெல்லிய கம்பி வழுக்கும் தன்மையுடையது. அதற்கு 7 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டால் நான்கு சுற்றுக்கு அருகில் வரும். அடுத்த தண்டுவரை, அதற்கும் மேல் என்று கண்ணால் அளக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதிலும் தவறில்லை, ஆனால் தொடக்கத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கும் அது பழகிவிடும்.

அதிகச் சுற்று இருந்தால் பிடிப்பு அதிகம் என்று நினைத்துக் கம்பி முழுவதையும் சுற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், ஒவ்வொருமுறை கம்பியை வளைத்து வாசிக்கும்போதும் அவை சற்றே நெகிழ்ந்து இடம் மாறும். சுருதி நிற்காததற்கு நான் காணும் முதன்மைக் காரணம் இதுதான்.

கம்பி தண்டின் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம். திருகும் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக, தலையின் உட்புறமாக, கம்பி தண்டைத் தொட வேண்டும். துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலைத் தண்டு சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் மடக்குங்கள். மெல்லிய கம்பிகளில் அந்த வாலைக் கம்பிக்கு அடியில் கொண்டுபோய், மேலே தூக்கி, பின்பக்கம் மடித்துவிட்டால், இறுக்கும்போது கம்பி தன் வாலைத் தானே நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். தடித்த கம்பிகளுக்கு இந்தப் பூட்டுத் தேவைப்படாது.

இப்போது முறுக்கத் தொடங்குங்கள். இடதுகையின் சுட்டுவிரலால் கம்பியை நட்டில் அழுத்திப் பிடித்து, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தண்டின் அருகே சற்று விறைப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விறைப்பில்லாமல் முறுக்கினால் சுற்றுகள் கலைந்துதான் விழும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் அடியில், மேலிருந்து கீழாக, தொட்டுக்கொண்டு அடுக்கி வர வேண்டும். கீழ்நோக்கி இறங்கும் சுற்றுகளால் கம்பி நட்டின்மீது நன்றாக அழுந்தி நிற்கும், நாதமும் தெளியும்.

மிச்ச வாலைச் சுருதி சேர்ந்த பிறகு வெட்டுங்கள். சில கம்பிகளில் உள்ளிருக்கும் மையக் கம்பி உருண்டையாக இருக்கும்; அவற்றை வளைக்காமல் வெட்டினால் மேற்சுருள் பிரிந்து, கம்பியே உயிரற்றுப்போகும். முதலில் நன்றாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுவது எல்லாக் கம்பிக்கும் பொருந்தும் நல்ல பழக்கம். வெட்டிய துண்டுகளை எண்ணி எடுத்து, ஒரு ஒட்டுநாடாவில் ஒட்டிக் குப்பையில் போடுங்கள். தரையில் விழுந்த மெல்லிய கம்பித் துண்டு காலில் ஏறினால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

சுருதி சேர்த்தல்

தடித்த ஆறாவது கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது வழக்கமான வரிசை. ஆறாவது 82.4 ஹெர்ட்ஸ், முதலாவது 329.6 ஹெர்ட்ஸ். டியூனர் ‘ஈ’ என்று மட்டும் காட்டும், எந்த ஈ என்று காட்டாமலும் இருக்கலாம். புதுக் கம்பி அறுந்துபோவது பெரும்பாலும் முதல் கம்பியை அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டே போவதால்தான். இரண்டாவது கம்பியை 5-ஆவது ஃபிரெட்டில் அழுத்தினால் வரும் ஒலியே முதல் கம்பியின் ஒலி. காதால் அதை ஒப்பிட்டுக்கொண்டே ஏற்றுங்கள்.

சுருதிக்கு வந்ததும், கம்பியை 12-ஆவது ஃபிரெட்டுக்கு அருகில் விரலால் மெல்லத் தூக்கி இழுத்து விடுங்கள். சுருதி இறங்கும். மீண்டும் ஏற்றுங்கள், மீண்டும் இழுங்கள். இழுத்தும் இறங்காத நிலை வரும்வரை செய்தால் போதும். தண்டின் சுற்றுகளிலும் பிரிட்ஜிலும் இருக்கும் சிறு தளர்வுகள் இப்படித்தான் இறுகுகின்றன. சுருதி மிஞ்சிவிட்டால், நேராக இறக்கிச் சேர்க்காமல், தேவையானதற்குக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலேற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். முறுக்காணியின் பற்சக்கரத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. மேலேற்றி நிறுத்தும்போதுதான் அது இறுகி நிற்கும்.

நைலான் தந்தி

கிளாசிக்கல் கிட்டாரில் முதலில் விலங்குக் குடலில் செய்த தந்திகளே இருந்தன. 1940-களில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்திகளை உருவாக்கினார். ஆந்திரேஸ் செகோவியா அவற்றை விரும்பி ஏற்று வாசித்தார். இன்று பெரும்பாலும் அந்த வகைதான்.

இங்கே பிரிட்ஜில் பின் கிடையாது. தந்தியைத் துளைக்குள் நுழைத்து, பின்னால் எடுத்து, மேலே வளைத்து, தந்திக்கு அடியில் கொண்டுபோய், தன் மீதே சுற்றிக்கொள்ள விட வேண்டும். சுருளுள்ள மூன்று தந்திகளுக்கு ஒரு சுற்றுப் போதும். வழுக்கும் நைலான் தந்திகளுக்கு இரண்டு அல்லது மூன்று சுற்று. கடைசிச் சுற்றின் முனை பிரிட்ஜின் மேற்பரப்பில் நின்றுவிடாமல், பின்விளிம்பைத் தாண்டிக் கீழே அழுந்தி நிற்க வேண்டும். மேலேயே நின்றால் முடிச்சு நழுவும், நழுவும் முதல் தந்தி சாட்டையாகச் சுழன்று மேற்பலகையில் வடு ஏற்படுத்தும். கட்டும்போது பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

நைலான் நீண்டுகொண்டே இருக்கும். நிலைகொள்ளச் சில நாள்கள் ஆகும். மேடையேறும் நாளில் புது நைலான் தந்தி மாட்டாதீர்கள். சுருளுள்ள மூன்றும் முதலில் மங்கும், நைலான் மூன்றும் நெடுநாள் தாங்கும். அதனால் சுருள் தந்திகளை மட்டும் மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

அறுந்த இடம் சொல்லும் செய்தி

அறுந்த கம்பியைத் தூக்கி எறியுமுன் எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். ஒரே கம்பி ஒரே இடத்தில் மீண்டும் அறுந்தால் காரணம் அந்த இடத்தில் இருக்கிறது. சேடிலில் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அறுந்தால், கம்பி தொடும் விளிம்பு கூராக இருக்கிறது. மிக நுண்ணிய உப்புத்தாளை நான்காய் மடித்து, கூர் போகும் அளவுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை தேய்த்தால் சரியாகும். நட்டில் அறுந்தால் பள்ளம் இறுக்கமாக இருக்கிறது. சுருதி ஏற்றும்போது அங்கிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்து சுருதி திடீரென்று தாவுமானால் அதே காரணம்தான். பென்சில் கரி போதவில்லை என்றால், பள்ளத்தை அகலப்படுத்துவதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒருமுறை ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற நேரும். தண்டில் அறுந்தால், துளையின் விளிம்பு கூராக இருக்கலாம், அல்லது ஒரே இடத்தில் பலமுறை மடக்கி நிமிர்த்தியிருக்கலாம். நடுவில், ஃபிரெட்டுக்கு மேலே அறுந்தால், பெரும்பாலும் கம்பிக்கு வயதாகிவிட்டது.

தினசரிப் பராமரிப்பு

வாசிப்பதற்கு முன் கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகக் கிள்ளிப் பிடித்து, பிரிட்ஜிலிருந்து நட்டுவரை இழுங்கள். மேற்பக்கத்தை மட்டும் துடைத்தால் வியர்வையின் உப்பு அடிப்பக்கத்தில் தங்கி அரிக்கும். துணி ஓடும்போது ஒரு கீச்சொலி கேட்கும். அழுக்கு போகிறது என்று பொருள். துருவை இளக்கத் தெளிக்கும் எண்ணெய்களையும் வீட்டு எண்ணெய்களையும் கம்பியில் தடவாதீர்கள், அவை தூசியைச் சேர்த்துச் சுருளுக்குள் அடைத்துவிடும்.

ஒவ்வொரு இரவும் கம்பியைத் தளர்த்திவைக்க வேண்டியதில்லை. மாறாத இழுப்பில் இருப்பதே கழுத்துக்கு நல்லது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் மரத்துக்கும் கம்பிக்கும் ஏற்றது. ஈரமான இடத்தில் வாழ்பவர்கள் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுவைத்து, அவ்வப்போது புதிதாக மாற்றுங்கள். பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டெடுத்தால் அழுக்கு போய்ச் சில நாள்கள் ஒலி தெளியும் என்பது உண்மை. விலை உயர்ந்த தடித்த பேஸ் கிட்டார் கம்பிகளுக்கு அது தகும். சாதாரணக் கிட்டார் கம்பிக்கு அந்தப் பாடு வேண்டாம், பள்ளம் விழுந்த இடம் கொதிநீரில் நிரம்பாது.

உறையில் ஒரு முழுத் தொகுதியும், தனியாக முதல் கம்பி ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். கூடவே வைண்டர், குறடு. கம்பியின் அளவையும் மாற்றிய தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அங்கேயே வையுங்கள். அடுத்தமுறை வாங்கும்போது அதே அளவைக் கேட்டு வாங்கலாம், உங்கள் கையில் ஒரு தொகுதி எவ்வளவு காலம் தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.